நாஞ்சில் நாட்டில் நடையும் அளவுணவும்

நாஞ்சில் நாடு என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களைக் குறிக்கும் பழைய பெயர். நாகர்கோவில் அதன் தலைநகரம் போன்றது. உடல் எடையைக் கட்டுக்குள் வைக்க நடைப்பயிற்சியும் கவனத்தோடு உண்பதும் எளிய வழிகள் என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டும் நாஞ்சில் நாட்டுக்குப் புதியவை அல்ல. ஆனால் அவை இங்கே உடல்நலத்துக்காகத் தோன்றியவையும் அல்ல. நடை தொழிலால் வந்தது. அளவான உணவு பெரும்பாலும் வறுமையால் வந்தது. கட்டாயமாக இருந்த இவ்விரண்டும் சென்ற ஒரு நூற்றாண்டில் மெல்ல விலகின. இன்று அவற்றை விருப்பத்தால் மீட்டெடுக்க வேண்டிய நிலை உள்ளது. இம்மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை சொல்கிறது.

நடந்து வாழ்ந்த நாடு

நாஞ்சில் நாடும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் சிறிய பரப்புக்குள் மலை, வயல், பனங்காடு, கடல் நான்கையும் கொண்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலிருந்து ஒரே நாளில் கடற்கரைக்கு நடந்துவிடலாம். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் ஒரு மணிநேர நடைக்குச் சற்று மேல். கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். ஒரு பகுதியின் விளைபொருள் மற்றொரு பகுதிக்குத் தேவைப்பட்டது. மீன் உள்நாட்டுக்கும், நெல் கடற்கரைக்கும், கருப்பட்டி எல்லாத் திசைக்கும் சென்றன. கோட்டாறு சந்தை இவை கூடும் இடமாக நெடுங்காலம் இருந்தது.

இந்தப் பண்டமாற்றின் பெரும்பகுதி தலைச்சுமையாகவே நடந்தது. பாதையோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கற்கள் அதற்குச் சான்று. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, ஆள் உயரத்தில் அமைத்திருப்பார்கள். சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி அதை இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். மாவட்டத்தின் சில சாலையோரங்களில் இக்கற்களை இன்றும் காணலாம்.

கடற்கரைப் பெண்கள் மீன் கூடையுடன் உள்ளூர்களுக்கு நடந்தார்கள். மீன் கெடுவதற்குள் விற்றாக வேண்டும் என்பதால் அது நடையும் ஓட்டமுமாக இருந்தது. பனையேறிகள் நாளுக்கு முப்பது நாற்பது பனைகளைக் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்கினார்கள். அவர்கள் இறக்கிய அக்கானியைப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினார்கள். விறகு சேர்ப்பதும் நீர் சுமப்பதும் அதற்கு மேல். வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம். உழவு, நடவு, களையெடுப்பு, அறுப்பு, சூடடிப்பு என ஆண்டின் பெரும்பகுதி உடலுழைப்பில் கழிந்தது.

வெளியிலிருந்து வந்தவர்களும் இந்நாட்டை நடந்தே அறிந்தார்கள். பிரான்சிஸ் சேவியர் 1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து பணியாற்றினார். கோட்டாற்றில் உள்ள சவேரியார் பேராலயம் அவர் நினைவோடு இணைந்தது. பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஆண்டுதோறும் செல்லும் நவராத்திரி விழா ஊர்வலத்தில் சரசுவதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் எழுந்தருள்வர். இன்றும் அது நடந்தே செல்லும் ஊர்வலம்.

சிவாலய ஓட்டம் இந்த மரபின் உச்சம். மகா சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் உள்ள 12 சிவாலயங்களையும் தொடர்ந்து ஓடியும் நடந்தும் தரிசிக்கிறார்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கும் பயணம் திருநட்டாலத்தில் முடிகிறது. கையில் விசிறியுடன் 'கோபாலா கோவிந்தா' என்று முழங்கிக்கொண்டு அவர்கள் கடக்கும் தொலைவு நூறு கிலோமீட்டர் அளவில் வரும். அதற்கு முன் சில நாட்கள் உணவைக் குறைத்து விரதம் இருப்பார்கள். நடையும் உணவுக் கட்டுப்பாடும் ஒரே நோன்பில் இணைவதை இங்கே காணலாம். ஆனால் இது ஆண்டுக்கு ஒருமுறை வரும் நோன்பு. உடலின் எடையைத் தீர்மானிப்பது மற்ற நாட்களின் பழக்கம்.

நடக்கும் உரிமை

எல்லோரும் நடந்த நாட்டில் எல்லோரும் எல்லாச் சாலையிலும் நடக்க முடியவில்லை. திருவிதாங்கூரில் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கத் தடை இருந்தது. சுமையுடன் வருபவரும் சுற்றுவழியாகப் போக வேண்டியிருந்தது. எவ்வளவு நடக்கிறோம் என்பதைத் தொழில் தீர்மானித்தது. எங்கே நடக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது.

இத்தடையை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று வைக்கம் போராட்டம் தொடங்கியது. அதில் நாகர்கோவிலுக்குத் தனிப் பங்கு உண்டு. கோட்டாற்றைச் சேர்ந்த மருத்துவர் எம். இ. நாயுடு என்கிற எம்பெருமாள் நாயுடு 1924 நவம்பரில் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு நடைப்பயணத்தை வழிநடத்தினார். அதே நேரத்தில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து மற்றொரு பயணம் புறப்பட்டது. சாதி இந்துக்களே தடையை நீக்கக் கோருகிறார்கள் என்று காட்டுவது இப்பயணங்களின் நோக்கம். இரண்டும் தலைநகரில் சந்தித்தன. ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனு ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது. 1925 நவம்பரில் வைக்கம் போராட்டம் முடிந்தபோது கோவிலைச் சுற்றிய சாலைகளில் மூன்று திறக்கப்பட்டன.

1926இல் சுசீந்திரம் கோவில் தெருக்களுக்காகவும் போராட்டம் நடந்தது. எம். இ. நாயுடு அதிலும் முன்னின்றார். 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட கோவில் நுழைவுப் பிரகடனத்துக்குப் பின்னரே இந்தத் தடைகள் சட்டப்படி முற்றிலும் அகன்றன.

நடைப்பயிற்சியின் வரலாற்றில் இச்செய்திகளுக்கு இடம் உண்டு. தெருவில் தடையின்றி, அச்சமின்றி நடக்க முடிந்தால்தான் நடை ஒரு பழக்கமாக முடியும். பொதுச் சாலையில் காலாற நடப்பது இங்கே ஒரு தலைமுறை போராடிப் பெற்ற உரிமை.

கஞ்சியும் கிழங்கும்

நாஞ்சில் நாட்டு உணவு என்றதும் சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, அவியல், தீயல், எரிசேரி, புளிக்கறி, துவரன், மீன்குழம்பு ஆகியவை நினைவுக்கு வரும். எழுத்தாளர் நாஞ்சில் நாடன் 'நாஞ்சில் நாட்டு உணவு' என்று ஒரு நூலே எழுதியுள்ளார். ஆனால் இவை எல்லா வீட்டிலும் எல்லா நாளும் சமைக்கப்பட்டவை அல்ல. உழைப்பவரின் அன்றாட உணவு பழஞ்சோறும் கஞ்சியும்தான். கூடவே காணத்துவையல், சிறுபயறு, கருவாடு இவற்றில் ஏதோ ஒன்று. விருந்துச் சமையல் கல்யாணத்திலும் திருவிழாவிலும் கிடைத்தது.

நெல் விளையாத மேட்டுநிலங்களில் மரச்சீனிக்கிழங்கு முதன்மை உணவாயிற்று. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இக்கிழங்கைப் பரப்புவதில் ஆர்வம் காட்டினார். குறைந்த நீரில், எளிய மண்ணில், அதிகக் கவனிப்பின்றி வளரும் பயிர் அது. 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டு வயல்களுக்கு நீர் உறுதியானது. ஆனாலும் திருவிதாங்கூர் முழுமைக்கும் அரிசி போதவில்லை. பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தார்கள். 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வரத்து நின்றது. ஏழைகளின் வயிற்றை மரச்சீனிதான் நிரப்பியது.

கிழங்கு பசியை அடக்கும். ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. மீனோ பயறோ சேர்த்து உண்டால்தான் அது முழுமையான உணவு. அது கிடைக்காதவர்களின் உடல் என்ன ஆயிற்று என்பதை நெய்யூர் மருத்துவமனை கண்டது. லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அங்கே வேர்விட்டது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் தியோடர் ஹோவார்ட் சோமர்வெல் 1923இல் நெய்யூரில் பணியைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். தென்திருவிதாங்கூரில் குடற்புண் மிகப் பரவலாக இருப்பதை அவர் கவனித்தார். உணவுமுறைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதினார். அதே காலத்தில் குன்னூரில் ஆராய்ச்சி செய்த ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை உண்ட எலிகளுக்கு இரைப்பைப் புண் மிகுதியாக வந்தது. குடற்புண்ணுக்கு ஒரு பாக்டீரியா முதன்மைக் காரணம் என்பது 1980களில்தான் தெரியவந்தது. ஆயினும் அந்த மருத்துவர்கள் கண்ட ஊட்டக்குறைவு உண்மையானது.

இன்று உடல்பருமனைப் பற்றிப் பேசும்போது 'அந்தக் காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும்' என்பது எளிதாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் பெரும்பான்மையினர் மெலிந்திருந்ததற்குக் காரணம் நல்ல உணவு மட்டும் அல்ல. உணவின் போதாமையும் இடைவிடாத உழைப்பும்தான். எனவே பழைய உணவுப் பட்டியலை அப்படியே பின்பற்றுவதில் பொருள் இல்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு.

நூல்களில் அளவுணவும் நடையும்

அளவாக உண்பதைத் தமிழ் நூல்கள் வறுமையோடு சேர்த்துப் பேசவில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் முன்பு உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பவனுக்கு வேறு மருந்து தேவையில்லை என்கிறது. சித்த மருத்துவ மரபில் தேரையர் பெயரில் வழங்கும் 'பிணியணுகா விதி' நாளுக்கு இருவேளை உண்ணவும், உண்டபின் சிறிது தூரம் நடக்கவும் சொல்கிறது. அப்படி வாழ்பவரிடம் எமனுக்கு வேலையில்லை என்றும் அது உறுதி கூறுகிறது.

இந்த மரபை எளிய தமிழில் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்தவர் நாஞ்சில் நாட்டுக் கவிஞர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் தேரூரில் பிறந்தார். கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராகப் பணியாற்றினார். 1931இல் ஓய்வு பெற்று, நாகர்கோவிலை அடுத்த புத்தேரியில் வாழ்ந்து 1954இல் மறைந்தார். 'ஆசிய ஜோதி', 'மருமக்கள் வழி மான்மியம்' ஆகியவற்றால் பெரிதும் அறியப்பட்டவர். அவருடைய 'உடல்நலம் பேணல்' என்ற பாடல் பல தலைமுறைக் குழந்தைகளுக்குத் தெரிந்தது.

அப்பாடலின் செய்திகள் எளியவை. காலையும் மாலையும் உலாவி வருபவரைக் கண்டால் எமனே வணங்கி விலகிப் போவான். நன்றாகப் பசித்த பிறகே உண்ண வேண்டும். குடிப்பது கூழேயானாலும் குளித்துவிட்டுக் குடிக்க வேண்டும். அளவு பார்க்காமல் அள்ளி அள்ளித் தின்பவர் பாயில் விழுவார். தூய காற்று, நல்ல நீர், நல்ல உறக்கம் இவையே மருந்து.

பனையேறியிடமோ மீன் விற்கும் பெண்ணிடமோ உலாவி வரும்படி யாரும் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கே அந்த அறிவுரை தேவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் ஆசிரியர், வழக்கறிஞர், குமாஸ்தா என்று புதியதொரு வகுப்பு உருவாகியிருந்தது. பள்ளிகளும் கல்லூரியும் நீதிமன்றமும் அலுவலகங்களும் அதை வளர்த்தன. அவர்களுக்கு நடை தொழிலின் பகுதியாக இல்லை. அதைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. மறுபுறம் அதே பாடல் கூழ் குடிக்கும் ஏழையையும் விளித்துப் பேசுகிறது. அள்ளித் தின்பவனும் கூழுக்கு ஏங்குபவனும் ஒரே ஊரில் இருந்த காலத்தின் குரல் அது. கட்டாய நடைக்கும் விருப்ப நடைக்கும் இடையே நாஞ்சில் நாடு நின்ற இடத்தை இப்பாடல் காட்டுகிறது.

உழைப்பும் பசியும் எடையும்

கவிமணி மறைந்த காலத்தையொட்டி உலகில் இரண்டு முக்கிய ஆய்வுகள் வெளிவந்தன. அவை நடைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுக் காட்டின.

முதலாவது லண்டனில் நடந்தது. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் இரட்டை அடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர். நடத்துநர் மாடிப்படிகளை நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்குபவர். 1953இல் வெளியான முடிவில், நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு என்று தெரிந்தது. 1956இல் அவர்களுடைய சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவையும் ஒப்பிட்டார். ஓட்டுநர்களின் இடுப்பு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. ஆகவே வேறுபாடு முழுவதையும் வேலையின் மேல் ஏற்ற முடியாது என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார்.

இரண்டாவது ஆய்வு இந்தியாவில் நடந்தது. ஜீன் மேயரும் அவருடைய குழுவினரும் மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையைச் சார்ந்த 213 ஆண்களின் உணவு, எடை, வேலை ஆகியவற்றை ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார்கள். மிதமான வேலை முதல் கடும் வேலை வரை செய்தவர்களிடம் வேலை கூடக்கூட உணவும் கூடியது. எடை ஏறவில்லை. ஆனால் கடையிலும் மேசையிலும் அமர்ந்திருந்தவர்கள் மிதமாக உழைத்தவர்களைவிட அதிகம் உண்டார்கள். அவர்களுடைய எடையும் அதிகமாக இருந்தது.

உடல் ஓரளவு அசைந்துகொண்டிருந்தால் பசி தேவைக்கேற்ப இயங்குகிறது. அசைவு அந்த அளவுக்குக் கீழே போனால் பசியின் கணக்கு தவறிவிடுகிறது. இதுவே அவ்வாய்வின் சாரம். பின்வந்த ஆய்வுகள் இக்கருத்தை ஓரளவு உறுதிப்படுத்தியுள்ளன. கவிமணியின் பாடலில் உலாவுவதும் பசித்து உண்பதும் அருகருகே வருவது இந்த நோக்கில் பொருத்தமானது. நடையும் அளவுணவும் தனித்தனி அறிவுரைகள் அல்ல. ஒன்று மற்றொன்றுக்கு உதவுகிறது.

வண்டிகளின் காலம்

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. அதன்பின் சாலைகளும் பேருந்துகளும் பெருகின. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கும், 1981இல் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கும் ரயில் வந்தது. தலைச்சுமை வண்டிச்சுமை ஆயிற்று. சுமைதாங்கிக் கற்களுக்கு வேலை இல்லாமற் போனது. பனையேற்றம் குறைந்தது. வயல்கள் வீட்டுமனைகளாயின. வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் அனுப்பிய பணமும் பள்ளிக்கல்வியும் வாழ்க்கையை மாற்றின. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் இருசக்கர வண்டி நின்றது.

இவை பெரும்பாலும் நல்ல மாற்றங்கள். தலைச்சுமையிலிருந்தும் பட்டினியிலிருந்தும் கிடைத்த விடுதலையை யாரும் குறைசொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டில் அதுவே முதலிடம். பேரூராட்சிகள் மிகுந்த மாவட்டம் என்பதால் மக்களில் ஐந்தில் நான்கு பேர் நகர்ப்புறத்தவராகக் கணக்கிடப்பட்டார்கள்.

ஆனால் உடல் இம்மாற்றத்துக்கு விலை கொடுத்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 2015-16இல் 30.9 விழுக்காடு பெண்களும் 28.2 விழுக்காடு ஆண்களும் கூடுதல் எடை அல்லது பருமனோடு இருந்தார்கள். 2019-21இல் அது பெண்களில் 40.4 விழுக்காடும் ஆண்களில் 37 விழுக்காடும் ஆயிற்று. இந்திய அளவில் அது நான்கில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. இவ்வாய்வு உடல் நிறைக் குறியீட்டெண் 25ஐ எல்லையாகக் கொள்கிறது. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். ஆசிய உடலமைப்பில் வயிற்றுக் கொழுப்பு எளிதில் சேர்வதால் 23க்கு மேலேயே கவனம் தேவை என்பது மருத்துவர்களின் கருத்து. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழே இருப்பது நல்லது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இந்த எல்லைகளைத் தாண்டும்போது எளிதில் வருகின்றன.

இன்றைய நடை

இன்று நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கிலும் ஊரைச் சுற்றியுள்ள குளக்கரைகளிலும் அதிகாலையில் நடப்பவர்களைக் காணலாம். கவிமணி பிறந்த தேரூரின் குளம் சுசீந்திரம் குளத்தோடு சேர்ந்து பறவைகள் காப்பிடமாக உள்ளது. 2022இல் அதற்கு ராம்சார் தகுதி கிடைத்தது. வயலும் குளமும் மலைக்காட்சியும் சூழ்ந்த இந்நகரம் நடப்பதற்கு உகந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிட வேகநடை இதற்குப் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். நாளுக்கு 10,000 அடி என்ற கணக்கு மருத்துவ ஆய்விலிருந்து வந்தது அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிகணிப்பானின் பெயரிலிருந்து பரவியது. அதற்குக் குறைவான அடிகளிலேயே நல்ல பயன் கிடைப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

நடையின் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. அரைமணிநேர வேகநடையில் ஒருவர் செலவிடுவது ஏறத்தாழ 100 முதல் 150 கலோரி. நேந்திரங்காய் சிப்ஸ் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் உள்ளது. நடந்து முடித்துத் தேநீர்க்கடையில் இரண்டு வடையும் இனிப்புச் சாயாவும் சாப்பிட்டால் நடையில் செலவிட்டது திரும்பிவிடும். இதனால்தான் நடையால் மட்டும் எடை வேகமாகக் குறைவதில்லை. எடையைக் குறைப்பதில் உணவின் பங்கு பெரிது. குறைந்த எடை மறுபடி ஏறாமல் காப்பதில் நடையின் பங்கு பெரிது. எடை குறையாவிட்டாலும் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உறக்கத்துக்கும் நடை நன்மை செய்கிறது. உண்டபின் பத்து நிமிடம் நடந்தாலே இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் தணிகிறது. தேரையர் மரபு சொன்ன குறுநடையும் இதுவே.

இன்றைய உணவு

கவனத்தோடு உண்ணுதல் என்பது இன்று உளவியலிலும் ஒரு பயிற்சியாக உள்ளது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின் தொடங்கிய பயிற்சியில், ஒரே ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று உண்ணச் செய்வார்கள். உண்பதை உணர்ந்து செய்வதே அதன் நோக்கம். எடைக் குறைப்பில் இம்முறை மற்ற உணவு முறைகளை விஞ்சுவதாகச் சொல்ல முடியாது. ஆனால் கவலையாலும் சலிப்பாலும் கட்டுப்பாடின்றி உண்பவர்களுக்கு இது உதவுகிறது. தொலைக்காட்சியோ கைப்பேசியோ பார்த்தபடி உண்பவர்கள் அதிகம் உண்பதும் ஆய்வுகளில் தெரிந்துள்ளது. வயிறு நிறைந்த செய்தியை மூளை அறியச் சற்று நேரமாகும். விரைந்து உண்பவர் அதற்குள் மிகுதியாக உண்டுவிடுகிறார்.

நாஞ்சில் நாட்டு இலையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. சோற்றைப் பாதியாக்கி, துவரனையும் அவியலையும் இரட்டிப்பாக்கினால் சமையல் மாறாமலே கணக்கு மாறும். அவியலிலும் தீயலிலும் தேங்காயின் அளவைச் சற்றுக் குறைக்கலாம். வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீங்காத சிவப்பு அரிசியை எடுக்கலாம். மரச்சீனியைச் சோற்றோடு சேர்த்து உண்ணாமல் சோற்றுக்குப் பதிலாக, மீனோடு, அளவாக உண்ணலாம். சாளையும் நெத்திலியும் விலை குறைந்த நல்ல புரதம். அவற்றைப் பொரிக்காமல் குழம்பு வைப்பது நல்லது. காணமும் சிறுபயறும் நெடுநேரம் பசி தாங்கும். சிற்றுண்டிக்குப் பழம்பொரியை விட ஒரு மட்டிப்பழம் மேல். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. சாயாவில் சர்க்கரையைக் குறைப்பது நாளுக்கு மூன்று நான்கு முறை குடிப்பவருக்குப் பெரிய மாற்றம். கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது.

முதல் உருண்டைக்கு முன் பசிக்கிறதா என்று கேட்டுக்கொள்வது, இரண்டாம் முறை சோறு வாங்குமுன் சற்றுப் பொறுப்பது, இரவு உணவைத் தூங்கும் நேரத்துக்கு வெகுமுன் முடிப்பது ஆகியவை செலவில்லாத பழக்கங்கள். பரிமாறுபவரும் இதில் துணை நிற்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்தி இடுவது பசி நிறைந்த நாட்டில் அன்பின் அடையாளமாக இருந்தது. உணவு போதுமான வீட்டில் போதும் என்பவரை விட்டுவிடுவதும் அன்புதான்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், இதயநோய், மூட்டுவலி உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டே நடையையும் உணவையும் மாற்ற வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவாளர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

வரலாறு சொல்வது

நாஞ்சில் நாட்டின் முன்னோர் எடையைக் குறைக்க நடக்கவில்லை. பிழைக்க நடந்தார்கள். அளவறிந்து உண்டவர்கள் சிலர். அளவுக்கு மேல் கிடைக்காதவர்கள் பலர். அந்த வாழ்க்கை திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அது உடலுக்குக் கொடுத்த இரண்டு பழக்கங்கள், அந்தத் துன்பம் இல்லாமலே, இன்று கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. சாலை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உணவு பெரும்பாலான வீடுகளில் போதுமான அளவு இருக்கிறது. காலையும் மாலையும் உலாவுவதும், பசித்து அளவாக உண்பதும் நாஞ்சில் நாட்டில் எல்லோரும் தாமே தேர்ந்தெடுக்கக்கூடியவை ஆனது இந்தத் தலைமுறையில்தான்.